நாற்பது எண்ணும்வரை

லோவல் நகரத்தில் பழைய நெசவாலையின் நான்காம் மாடியில்
எனக்கு வேலை:
பெட்டியைத் திறப்பது, தகட்டைத் துடைக்காமலிருப்பது,
துடைத்தால் முகம் துணியோடு வந்துவிடும்,
உள்ளிருப்பவரைப் பற்றி அட்டையில் இரண்டு வரி எழுதுவது.
பெரும்பாலும் ஒரே வரிதான்.
பெயர் தெரியவில்லை.

வெள்ளி பூசிய செப்புத் தகடு, உள்ளங்கை அளவு.
நேராகப் பிடித்தால் நான் தெரிகிறேன்,
மூக்குக்கண்ணாடியும் நேற்றைய தூக்கமின்மையுமாக.
கொஞ்சம் சாய்த்தால் என் முகத்துக்குள்ளிருந்து
தொப்பி கட்டிய ஒருத்தி எழுந்து வருகிறாள்.
இன்னும் சாய்த்தால் கறுப்பு வெளுத்து, வெளுப்பு கறுத்து
அவள் தன் ஆவியாகிப் போகிறாள்.

1846, ஏப்ரல்.
மெரிமாக் ஆற்றில் பனி உருகி வெள்ளம்.
சக்கரங்கள் நின்றன, தறிகள் நின்றன,
கூலியில்லாத மூன்று நாள்.
அந்த மூன்று நாளில்தான் ஆலைப் பெண்கள் படியேறினார்கள்
ஆரின் தாக்ஸ்டரின் கண்ணாடிக் கூரை அறைக்கு.
அசையக் கூடாது, நாற்பது எண்ணும்வரை.
கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவை.
தறியோடு ஓடியே பழகிய கைக்குக் கவை இல்லை.
முகம் துல்லியம், காதோரத் தழும்பு துல்லியம்,
மடியில் மட்டும்
கை இருந்த இடத்தில் ஒரு மேகத் துணுக்கு.

பெட்டிகளின் மூடியில் பொன்னெழுத்தில் அவன் பெயர்.
கணக்கேட்டில் இருப்பது தங்கை கெசையாவின் எழுத்து.

அயோடின், இரண்டு அவுன்ஸ்.
மெருகேற்ற மான்தோல்.
பாதரசம்.
சாராய விளக்குக்குத் திரி.
மறுபடி பாதரசம்.

அண்ணன் லென்ஸின் மூடியைத் திறந்து மூடுவான், அவ்வளவுதான்.
அப்போது தகட்டில் எதுவுமே இருக்காது.
சன்னல் இல்லாத உள்ளறையில்
அவள்தான் அதைப் பாதரசக் கிண்ணத்தின் மேல் கவிழ்த்து
அடியில் விளக்கேற்றுவாள்.
ஆவி எழும்; வெளிச்சம் தொட்ட இடமாகப் பார்த்துப் போய் ஒட்டும்.
மஞ்சள் கண்ணாடித் துண்டு வழியே எட்டிப் பார்ப்பாள்:
முதலில் சட்டைக் கழுத்து, பிறகு நெற்றி,
எல்லாம் முடிந்து கண்.

எங்கள் மொழியில் இதற்குப் புகைப்படம் என்று பெயர்.
பாஸ்போர்ட்டுக்கு, கல்யாணத்துக்கு, ரேஷன் அட்டைக்கு,
நாக்கு தேயச் சொல்லியிருக்கிறேன்.
புகை எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை.
இந்த ஏட்டைப் புரட்டும்போதுதான் மூக்கில் ஏறுகிறது
மணமே இல்லாத அந்தப் புகை.

ஏப்ரலில் அவள் எழுத்து எறும்பு வரிசை.
ஆகஸ்டில் வரிசையின் குறுக்கே யாரோ விரல் இழுத்த மாதிரி.
ஜனவரி: கிராம்பு எண்ணெய், பல்லுக்கு.
பிப்ரவரி: கிராம்பு எண்ணெய் இனி வேண்டாம், பல் விழுந்தாயிற்று.
மார்ச்சில் அவள் எழுதிய ஏழு
ஒன்றா ஒன்பதா என்று
கூட்டுத் தொகையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.
கூட்டல் ஓரிடத்தில்கூடத் தப்பவில்லை.

உள்ளே கை நடுங்கியவள்தான்
திரையை விலக்கி வெளியே வந்து சொல்லியிருப்பாள்,
அசையாதீர்கள் என்று.

கடைசிப் பக்கத்தில் கட்டணம் எழுதாத ஒரு பதிவு.
‘நான். கால்பங்குத் தகடு. கெட்டுவிட்டது.
தேய்த்துவிட்டு வேறு யாருக்காவது எடுக்கலாம்.’

யாரும் தேய்க்கவில்லை.
பதினோராம் அட்டைப்பெட்டியில், மூடியில்லாமல் இருக்கிறது.
நாற்காலி துல்லியம். அதன் பித்தளை ஆணிகளை எண்ணலாம்.
பின்னால் இரும்புக் கவை, எதையும் பிடிக்காதது போல.
நடுவே, ஆள் உட்காரும் உயரத்துக்கு,
குளிரில் மூச்சு விட்டாற்போல் கொஞ்சம் வெளுப்பு.

எனக்கு முன்பிருந்தவர் ‘காலி நாற்காலி’ என்று பதிந்திருக்கிறார்.
அடித்துவிட்டு எழுதினேன்:
கெசையா தாக்ஸ்டர், தன் நாற்காலியில்.

திங்கட்கிழமை மேலாளர் ஆதாரம் கேட்பார்.
தகட்டின் வெளுப்பு நெளிகிற விதத்தையும்
மார்ச் மாதத்து ஏழையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம் என்றிருக்கிறேன்.
இரண்டும் ஒரே கை.